அலிப்பூரில் ஒரு பழைய மாளிகை

ஓர் ஊரில் பழைய வீடு ஒன்று நின்றால், அதனுள் எவரும் திறவாத அறை ஒன்று உண்டு என்று அவ்வூரார் சொல்வது வழக்கம். அவ்வறையில் பொற்காசுக் குடங்கள் இருக்கும். அன்றேல் யாரோ ஒருவர் அதனுள் அடைபட்டு மாண்டிருப்பார். சொல்லுகிறவர் அதனைக் கண்டதில்லை. அவருடைய பாட்டனார் கண்டதாகக் கேள்வி. சரித்திரம் பயில்வோர் இத்தகைய பேச்சைக் கேட்டுப் புன்முறுவலோடு அப்பாற் செல்வர். ஆயினும் 2010-ஆம் ஆண்டில், இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரின் அலிப்பூர்ப் பகுதியில், ஒரு பழைய மாளிகையைப் பழுது பார்க்கப் புகுந்த தொல்பொருள் ஆய்வுத் துறையினருக்கு மெய்யாகவே அப்படி ஓர் அறை தென்பட்டது. மாளிகையின் கீழ்த்தளத்தில் ஏறத்தாழ 1,000 சதுர அடிப் பரப்பு, நான்கு புறமும் சுவர் சூழ்ந்து கிடந்தது. கதவில்லை, சாளரமில்லை, மேல்தளத்திலிருந்து இறங்குதற்கு ஒரு பொந்தும் இல்லை. ஒரு பக்கத்தில் வளைவு ஒன்று செங்கல் வைத்து அடைக்கப்பட்ட அடையாளம் மட்டுமே காணப்பட்டது.

செய்தி வெளிவந்ததும் ஊர்ப்பேச்சு எழுந்தது. ஆங்கிலேயர் கைதிகளை அடைத்து வருத்திய கொட்டடி அது என்றனர் சிலர். போகும்போது ஒளித்துவைத்த திரவியம் அங்கிருக்கிறது என்றனர் வேறு சிலர். அந்த அறையில் இருந்தது இன்னதென்று பின்னர்த் தெரிய வந்தது. அதைச் சொல்லுமுன், அந்த மாளிகை யாருடையது, எவ்வாறு கைமாறி வந்தது என்பதை நாம் தேடிப் பார்ப்போம். வீட்டின் கதை தெரியாமல் அறையின் கதை விளங்காது.

மாளிகையின் பெயர் பெல்வெடியர். அழகிய காட்சி என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. மேட்டில் நின்று சுற்றுப்புறத்தை நோக்கத்தக்க மாளிகைகளுக்கு ஐரோப்பாவில் அப்பெயரை இடுவதுண்டு. வங்காளத்துச் சமவெளியில் மேடேது? பெயர் வைத்தவர் தம் ஆசைக்கு வைத்தார் போலும். ஏறத்தாழ 30 ஏக்கர் நிலத்தின் நடுவே, உயர்ந்த தூண்களும் அகன்ற படிகளும் கொண்டு, விலங்குக்காட்சி சாலைக்கு அணித்தாக அது நிற்கிறது.

ஒரு வீட்டின் வரலாற்றைத் தேடுவோர் அதைக் கட்டியவர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது இயல்பு. ஆனால் அவ்வாறு தொடங்கினால் முதலடியிலேயே கதையில் காலிடறி விழ நேரும். இன்று அங்கே இருப்பவரிடமிருந்து தொடங்கி, அவருக்கு விற்றவர் யார், அவருக்கு விட்டுச்சென்றவர் யார் எனப் பத்திரத்திலிருந்து பத்திரத்திற்குப் பின்னோக்கிச் செல்வதே பாதுகாப்பான வழி. நம் ஊர்களில் நிலம் வாங்குவோர் மூலப்பத்திரம் கேட்பதும் இதே முறைதான். சரித்திர ஆராய்ச்சி என்று பெயரிடாமலே நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் அது நாள்தோறும் நடைபெறுகிறது.

ஆகவே அண்மைக் காலத்திலிருந்து புறப்படுவோம். பெல்வெடியர் மாளிகையில் குடியேறியது இந்தியாவின் தேசீய நூலகம். 1903-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் கர்ஸன் பிரபு திறந்துவைத்த இம்பீரியல் நூலகமே, நாடு விடுதலை பெற்ற பின், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசீய நூலகம் எனப் பெயர் மாறிற்று. அதற்கு இடம் போதவில்லை. வைசிராய்களின் இல்லமாக இருந்த பெல்வெடியரோ குடியிருப்பாரின்றி வெறுமையாயிற்று. 1947-இல் மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராகவும், 1948 ஜூன் முதல் நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தவர் ராஜாஜி அவர்கள் என்பதை நேயர்கள் நினைவுகூர்வர். அந்நாட்களில்தான் அரசாண்டவர் மாளிகை நூல்களுக்கு உரியதாயிற்று. 1953-ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் நாள், கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். நூலகராக இருந்தவர் பி. எஸ். கேசவன். முன்பு நடனம் ஆடிய கூடம் படிப்பறையாயிற்று.

அடுத்த ஆண்டே, அதாவது 1954-இல், நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் இந்நூலகத்திற்கு அனுப்பப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆதலால் மதுரையில் அச்சான நூலுக்கும் திருச்சியில் அச்சான நூலுக்கும் சட்டப்படி அலிப்பூரில் ஓரிடம் உண்டு. இதனினும் நெருங்கிய தொடர்பு ஒன்றும் தமிழருக்கு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகனைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1956-இல் மறைந்த பின், அவர் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த ஏறத்தாழ 3,000 நூல்களும், அவற்றோடு சுவடிகளும் இந்த நூலகத்தையே அடைந்தன. தமிழ் நூல்களைத் தேடி வங்காளத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறதே என்று வருந்துவோர் உண்டு. சிதறிப் போகாமல் ஓரிடத்தில் இருக்கின்றனவே என்று மகிழ்வோரும் உண்டு. நாம் இரண்டாமவர் பக்கம்.

நூலகத்திற்கு முன் இருந்தவர்களைப் பற்றித் தேடுவதில் துன்பமில்லை. சர்க்கார் குடியிருந்த வீட்டில் காகிதத்துக்குக் குறைவிராது. 1854-ஆம் ஆண்டில் வங்காளத்திற்கு லெப்டினண்ட் கவர்னர் என்னும் பதவி புதிதாக ஏற்பட்டது. முதலில் அப்பதவி பெற்றவர் பிரெடெரிக் ஹாலிடே. அவருக்கு வீடு வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி பெல்வெடியரை வாங்கிற்று. அதுமுதல் 1912 வரை, ஒருவர்பின் ஒருவராக லெப்டினண்ட் கவர்னர்கள் அங்கே வாழ்ந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி ஏதேனும் ஒன்றை இடித்தனர், ஏதேனும் ஒன்றைக் கட்டினர். எளிய தோட்ட வீடாக இருந்தது இத்தாலிய மறுமலர்ச்சிக் காலப் பாணியில் பெரிய மாளிகையாக வளர்ந்தது அவர்கள் காலத்தில்தான். இன்று நாம் காணும் முகப்பைக் கண்டு, இதுவே ஹேஸ்டிங்ஸ் கண்ட வீடு என்று எண்ணுவது பிழை. 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் தலைநகரம் டில்லிக்கு மாறுமென அறிவிப்பு வந்தது. மறு ஆண்டில் வங்காளத்திற்குத் தனிக் கவர்னர் வந்து பழைய அரசாங்க மாளிகையில் அமர்ந்தார். பெல்வெடியரில் அதன்பின் நிலையாகக் குடியிருந்தவர் எவருமில்லை. வைசிராய் கல்கத்தாவிற்கு வரும் நாட்களில் மட்டும் விளக்கேற்றி வைத்தனர்.

கம்பெனிக்கு இந்த வீட்டை விற்றவர் சார்லஸ் ராபர்ட் பிரின்ஸெப் என்னும் வழக்கறிஞர். 1841 முதல் அது அவர் கையிலிருந்தது. பிரின்ஸெப் என்ற பெயரை நேயர்கள் கேட்டிருக்கலாம். அசோகச் சக்கரவர்த்தியின் பிராமிக் கல்வெட்டுகளை 1837-இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்ஸெப்பின் உடன்பிறந்தார் இவர். பாறைகளில் இரண்டாயிரம் ஆண்டு பேசாதிருந்த எழுத்தைத் தம்பி பேசவைத்தார். தமையனாரின் வீட்டுச் சுவரோ பேசாமலே இருந்தது.

1841-க்கு முன் செல்லச் செல்லக் காகிதம் அருகுகிறது. சர்க்கார் கோப்புகள் நமக்குக் கைகொடுக்கமாட்டா. இங்கே உதவுவன பழைய செய்தித்தாள்களின் விளம்பரங்கள். கல்கத்தாவில் 1780-இல் ஹிக்கியின் பத்திரிகையும், 1784-இல் கல்கத்தா கெஜட்டும் தொடங்கின. வீடு வாடகைக்கு விடப்படும், தோட்டம் ஏலம் போடப்படும், குதிரை காணாமற்போயிற்று என்பன போன்ற அறிவிப்புகள் அவற்றின் பக்கங்களை நிரப்பின. போர்ச் செய்தியினும் இவ்வறிவிப்புகளே வீட்டின் சரித்திரம் தேடுவோர்க்கு மிகுதியும் பயன்படுவன. விற்பவர் பெயர், எல்லைகள், நிலத்தின் அளவு ஆகியவற்றை அவற்றில் காணலாம். வங்காளத்தில் நில அளவு பிகா, காட்டா, சட்டாக் என்று செல்லும்; 16 சட்டாக் ஒரு காட்டா, 20 காட்டா ஒரு பிகா. ஒரு பிகா நம் ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை அறியாதவர் இரண்டு பத்திரங்களை ஒப்பிட்டு, ஒரே நிலத்தை இரு வேறு நிலமென மயங்குவர். பெல்வெடியர் இந்தக் காலத்தில் வாடகைக்கு விடப்பட்டும், 1802-இல் ஏலத்திற்கு வந்தும், பலரிடம் கைமாறிற்று. அவர்களுள் பலர் இரண்டு மூன்று ஆண்டு இருந்து போனவர்கள். அவர்கள் பெயரால் நமக்கு ஆவதொன்றுமில்லை.

ஏலத்திற்கு விட்டது மேஜர் டாலியின் குடும்பம். வில்லியம் டாலியை நாம் விரைந்து கடந்துபோக இயலாது. கல்கத்தாவின் தென்பகுதி ஒன்று டாலிகஞ்ஜ் என்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காளி கோவிலுக்கு அருகே ஓடும் ஆதி கங்கை, கங்கையின் பழைய படுகை. அவர் காலத்தில் அது தூர்ந்து கிடந்தது. தம் செலவில் அதைத் தோண்டிப் படகு செல்லும் வாய்க்காலாக்கி, செல்லும் படகுகளிடம் சுங்கம் பெற்றுக்கொள்ளக் கம்பெனியிடம் அவர் அனுமதி பெற்றார். 1777-இல் வாய்க்கால் திறந்தது; பணமும் வந்தது. வாய்க்காலுக்கு அணித்தாக இருந்த பெல்வெடியரை 1780-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து அவர் வாங்கினார். நான்கு ஆண்டுகளில் மாண்டார். வாய்க்கால் இன்னும் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் மெட்ரோ ரயிலின் தூண்கள் நீரிலேயே நிற்கின்றன.

டாலி வாங்கியதை உறுதிசெய்யும் சான்று பத்திரத்தில் மட்டுமன்று, ஒரு துப்பாக்கிச் சண்டையிலும் கிடைக்கிறது. கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸுக்கும் அவருடைய ஆலோசனைச் சபை உறுப்பினர் பிலிப் பிரான்ஸிஸுக்கும் பல ஆண்டுப் பகை இருந்தது. பிரான்ஸிஸ் பொது வாழ்விலும் தனி வாழ்விலும் நாணயமற்றவர் என்று ஹேஸ்டிங்ஸ் சபைக் குறிப்பிலேயே எழுதிவிட்டார். பிரான்ஸிஸ் அவரை இருவர் சண்டைக்கு அழைத்தார். 1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் விடியற்காலையில், பெல்வெடியருக்கு அருகில், 14 தப்படி இடைவெளியில் இருவரும் எதிரெதிரே நின்றனர். ஹேஸ்டிங்ஸின் துணைவராக வந்த கர்னல் பியர்ஸ் இதனை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இருவருக்குமே கைத்துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை என்கிறார் அவர். பிரான்ஸிஸின் குண்டு தவறிற்று. ஹேஸ்டிங்ஸின் குண்டு பிரான்ஸிஸின் வலப்புறத்தில் பாய்ந்தது. காயமுற்றவரைப் பெல்வெடியருக்கே தூக்கிச் சென்றனர். அங்கே அப்போது குடியிருந்தவர் மேஜர் டாலி.

இந்த ஒரு சிறு குறிப்பின் பயனை நோக்குங்கள். ஹேஸ்டிங்ஸ் தம் சொந்த வீட்டுத் தோட்டத்தில் எதிரியைச் சுட்டார் என்று பலர் சொல்வதுண்டு. அன்றைக்கு வீடு அவருடையதன்று. விற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. பிரான்ஸிஸ் பிழைத்தெழுந்து இங்கிலாந்து சென்று, ஹேஸ்டிங்ஸ் மீது குற்றச்சாட்டுகளைத் திரட்டுவதற்கு உழைத்தார். 1788-இல் தொடங்கிய விசாரணை 1795-இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையில் முடிந்தது. அலிப்பூர்ப் புல்வெளியில் வென்றவர் லண்டனில் ஏழு ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் துன்புற்றார்.

ஹேஸ்டிங்ஸுக்கு அலிப்பூரில் வேறொரு வீடும் இருந்தது. ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்ற அது தனியே நிற்கிறது. இப்போது பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சி நிலையம் அங்கே நடைபெறுகிறது. அவர் ஊர் திரும்பிய பின், தம் சொந்தக் காகிதங்கள் இருந்த கறுப்பு மரப்பெட்டி ஒன்று காணாமற்போனதைக் குறித்து 1787-இல் கல்கத்தா கெஜட்டில் அறிவிப்பு வந்தது. கண்டுபிடித்துத் தருவோருக்கு 2,000 ரூபாய் பரிசு. இன்றும் இரவில் அவருடைய சாரட்டு வண்டி அவ்வீட்டு வாயிலில் வந்து நிற்பதாகவும், அவர் இறங்கி அறை அறையாகப் பெட்டியைத் தேடுவதாகவும் சொல்வார்கள். பேய்க்கதைக்கும் ஒரு விளம்பரம் மூலமாக இருப்பது நம் ஆராய்ச்சிக்கு உவப்பானதே. ஆனால் இரண்டு வீடுகளையும் ஒன்றெனக் கலந்து, ஒன்றின் பேயை மற்றதில் குடியேற்றுவோரும் உளர்.

ஹேஸ்டிங்ஸுக்குப் பெல்வெடியர் எவ்வாறு கிடைத்தது? இங்கேதான் கதை சரித்திரத்தின் இடத்தில் அமர்கிறது. வங்காள நவாபு மீர் ஜாபர் அதனை ஹேஸ்டிங்ஸுக்குப் பரிசாக அளித்தார் என்பது ஊரறிந்த செய்தி. மீர் ஜாபர் 1760-இல் பதவி இழந்து கல்கத்தாவில் வந்து தங்கியதும், 1763-இல் மீண்டும் நவாபு ஆனதும், 1765-இல் இறந்ததும் உண்மை. ஹேஸ்டிங்ஸ் அக்காலத்தில் வங்காளத்தில் இருந்ததும் உண்மை. ஆயினும் நாம் வேறொரு சான்றையும் நோக்க வேண்டும். 1770-இல் கல்கத்தாவுக்கு வந்த ஸ்டாவோரினஸ் என்னும் டச்சுக் கப்பல் தலைவர், அப்போதைய கவர்னர் கார்ட்டியர் தங்களைத் தம் நாட்டுப்புற மாளிகையாகிய பெல்வெடியருக்கு மாலையில் அழைத்துச் சென்று, இசைக் கச்சேரியும் விருந்தும் அளித்ததாக எழுதுகிறார். அந்த ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் இருந்தது வேறெங்குமில்லை, நம் சென்னைக் கோட்டையில். 1769 முதல் 1772-இன் தொடக்கம் வரை அவர் இங்கே ஆலோசனைச் சபையில் இரண்டாமவர். ஒருவருடைய பரிசு வீட்டில், அவர் ஊரில் இல்லாதபோது, கவர்னர் விருந்து நடத்துவாரா? வாடகைக்கு விட்டிருக்கலாம் என்பர், இருக்கலாம். எனினும் கவர்னர் பதவியோடு சேர்ந்து வந்த தோட்ட வீடாக அது இருந்தது என்று கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து.

இன்னும் பின்னே சென்று, ஔரங்கசீப்பின் பேரரும், 1698-இல் சுதாநுட்டி, கோவிந்தபூர், காலிகாதா என்னும் மூன்று ஊர்களின் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தவருமாகிய இளவரசர் அஸீமுஷ்ஷான் இதைக் கட்டத் தொடங்கினார் என்பாரும் உண்டு. நவாபும் இளவரசரும் வீட்டிற்குப் பெருமை தருவர். ஆனால் விளம்பரத்தின் சான்றும் விருந்தினர் குறிப்பின் சான்றும் இவ்விருவர்க்கும் இல்லை. நாம் கார்ட்டியரோடு நின்றுகொள்வோம்.

இனி அந்த அடைபட்ட அறை. 2004-இல் அதே தோட்டத்தில் பாஷா பவனம் என்னும் புதிய கட்டடம் எழுந்து, நூல்களும் வாசகர்களும் அங்கே மாறினர். வெறுமையான பழைய மாளிகையைச் செப்பனிடும் பணி தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் வந்தது. கீழ்த்தளத்து அறைகளை அளந்து வரைபடம் வரைகையில், வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் கணக்கு ஒத்துவராத பகுதியே அந்த அறை. பழைய கட்டடத்தின் சுவரை இடித்துப் பார்ப்பது முறையன்று. நூற்றாண்டுகள் நின்ற சுண்ணாம்பும் சுர்க்கியும் இடித்தபின் திரும்பக் கூடா. எனவே 2011-இல் சிறு துளையொன்று இட்டுப் பார்த்தனர்.

உள்ளே மண் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை மண். குடமும் இல்லை, சங்கிலியும் இல்லை, எலும்பும் இல்லை. கட்டடத்திற்கு உறுதி தருவதற்காக மண் நிரப்பி அடைத்திருக்கிறார்கள் என்று துறையினர் கருதினர்.

செய்தித்தாள்களின் ஆவல் அன்றோடு அடங்கிற்று. ஆனால் வீட்டின் சரித்திரம் தேடுவோர்க்கு இந்த மண் ஏமாற்றம் தருவதன்று. கல்கத்தா, ஆறுகள் கொணர்ந்த வண்டல் மீது எழுந்த நகரம். பாறை இல்லை, கட்டடக் கல் இல்லை. எல்லாம் செங்கல்லே. நிலம் மென்மையானது, சிறிது தோண்டினால் நீர் ஊறும். அத்தகைய இடத்தில் எளிய தோட்ட வீடாகத் தொடங்கிய ஒன்றின் மேல், பின்வந்தோர் கூடங்களையும் தூண்களையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். கீழே இருந்தது அந்தச் சுமையைத் தாங்க வேண்டுமே! லெப்டினண்ட் கவர்னர்கள் மேலே என்ன கட்டினார்கள் என்பதைக் கோப்புகள் சொல்லுகின்றன. அதற்கு விலையாக ஒரு முழு அறையைக் கீழே மண்ணுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைச் சுவர்தான் சொல்லிற்று.

1,000 சதுர அடி அறையைக் கூரைவரை நிரப்ப எத்தனை கூடை மண் வேண்டும் என்று நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டாலும் 10,000 கன அடி. அத்தனையும் மனிதர் தலைமேல் வந்த மண். வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்தவர்க்குப் புராணத்திலே ஒரு படலம் உண்டு. அலிப்பூரில் மண் சுமந்தவர்க்கு அந்த அறையே உண்டு. நவாபு, கவர்னர், வழக்கறிஞர், வைசிராய் என்று நாம் இதுவரை எண்ணிவந்த பட்டியலில் இடம்பெறாதவர்கள் அவர்கள். ஆனால் அவ்வீட்டில் கைபடாமல் அப்படியே இருந்த வேலை அவர்களுடையது ஒன்றே; ஏனையவற்றைப் பின்வந்தவர்கள் இடித்தும் மாற்றியும் விட்டார்கள்.

1953 முதல் அரை நூற்றாண்டுக் காலம், அந்த மாளிகையின் அகன்ற படிகளில் வாசகர்கள் நாள்தோறும் ஏறி இறங்கினர். மேல்தளத்துக் கூடத்தில் மின்விசிறிகள் சுழல, நீண்ட மேசைகளில் அமர்ந்து, வங்காளியும் தமிழும் உருதும் படித்தனர். பழைய கல்கத்தா கெஜட்டைப் புரட்டி அலிப்பூர் வீடுகளின் கதையைத் தேடினவர்களும் அவர்களுள் இருந்தனர். மண் நிரம்பிய அறை அந்நாள் முழுதும் கீழ்த்தளத்திலேயே இருந்தது.